பச்சை வாளியும் என் கழிவுத் திட்டமும்

ஒரு வாளிக்கு என்ன வேலை என்பதை அதைக் கொடுக்கிற சபை தீர்மானிப்பதில்லை. வாங்குகிற வீட்டுக்காரிதான் தீர்மானிக்கிறாள். இந்த ஞானம் எனக்கு அதிகாரி ஒருவரின் கண் முன்னால்தான் வந்து சேர்ந்தது.

அப்போது நான் கல்முனைக் கரையோரத்தில் ஒரு பிரதேச சபையில் புதிய உத்தியோகத்தன். (எந்த ஊர் என்று சொன்னால் மருதமுனையில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து சிரிப்பார்கள்.) வார்த்தைக்கு வார்த்தை "சுழற்சிப் பொருளாதாரம்" என்று சொல்லிக்கொண்டு, குப்பையைக் குறைக்கத் திட்டம் எழுதியிருந்தேன். சோதனைக்கு ஒரு தெரு. வீட்டுக்கு ஒரு மூடி போட்ட பச்சை வாளி. சமையல் கழிவை அதில் போட்டு வாசலில் வைத்தால் சபையின் உழவு இயந்திரம் எடுத்துப்போய் உரமாக்கும். அம்பாறைக் கந்தோரிலிருந்து வரும் அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டால் திட்டம் பிழைக்கும். இல்லையென்றால் கோப்போடு மக்கிப்போகும்.

அவர் வந்தது ஐந்தாம் நோன்பன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு; வாளி எடுக்கும் முதல் நாளும் அதுவே. (நாள் குறித்த மேதையும் நானே.) ஒரு வாசலிலும் வாளியைக் காணோம். மூலையில் திரும்பினால், பள்ளிவாசல் முன்னால் பச்சை வாளிகள் வரிசையாக நிற்கின்றன!

"பாத்தீங்களா சேர், சனமே ஒரு இடத்துல சேத்து வெச்சிருக்கு!" என்று கூவி, முதல் வாளியை நானே தூக்கி, கூடவே வந்த உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் கவிழ்க்கப் போனேன்.

"அல்லாஹ்! தம்பி, அது நோன்புக் கஞ்சி!"

கத்தியவர் அந்தத் தெருவில் ஆடும் கோழியும் வளர்க்கும் சுபைதா ராத்தா. நோன்பு திறக்கப் பள்ளியில் காய்ச்சி, வீடுகளுக்கு ஊற்றி வைத்த கஞ்சி அது. நான் பதறியதில் மூடி கழன்று, தேங்காய்ப்பால் மணக்க அத்தனையும் என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. நோன்பு முறியவில்லை, மானம்தான் போயிற்று.

"குப்பைக்குத் தந்த வாளி ராத்தா இது!" என்றேன், அழாத குறையாக.

"ஓம், கடதாசியிலயும் எழுதிக் கிடந்திச்சி. இவ்வளவு நல்ல வாளியில ஆராவது குப்பை போடுவாங்களா? எங்களுக்கிட்ட எங்க குப்பை? மிஞ்சின சோறு கோழிக்கு, தோல் ஆட்டுக்கு, மீன் கழுவின தண்ணி தென்னைக்கு, சிரட்டை அடுப்புக்கு. மறுகா என்னத்தப் போடுற?"

அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு எதுதான் குப்பை?" என்று கேட்டார்.

"சொப்பிங் பேக்தான் சேர், இந்தப் பிளாஸ்டிக் பை. போன நோன்புக்குக் கஞ்சியையும் அதுலதான் கட்டிக்கிட்டுப் போன. பள்ளிக்குப் பின்னால குவிஞ்சி கிடந்திச்சி. இப்ப வாளி வந்திட்டு, ஒரு பேக்கும் இல்ல."

பள்ளிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். உண்மைதான். நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியதை இந்தப் பெண் வேலையோடு வேலையாகச் செய்து முடித்திருந்தார். வெட்கமாக இருந்தது; அதைவிட, அவரை நினைக்கப் பெருமையாக இருந்தது. "சுழற்சிப் பொருளாதாரம்" என்று அவர் முன்னால் நான் அதன்பிறகு வாய் திறந்ததே இல்லை.

அதிகாரி என் கோப்பில் உரம் பற்றிய பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். "உழவு இயந்திரம் பிளாஸ்டிக்குக்கு, வாளி கஞ்சிக்கு" என்று ஓரத்தில் எழுதி, அங்கேயே கையெழுத்திட்டார். திட்டக் குழுவில் ராத்தாவின் பெயரை முதலாவதாகப் போடச் சொன்னார்.

அந்தத் திட்டம் இப்போது எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. என் வீட்டுக்கும் ஒரு பச்சை வாளி வந்துவிட்டது. நோன்பு திறக்கிற நேரம் மகள் கோப்பையை நீட்டுகிறாள்: "உம்மா, வாப்பாட திட்டத்துல இன்னும் ஒரு அகப்பை ஊத்துங்க."