தேடியும் கிடைக்காத பிறப்புச் சான்று

சரளா கனடா போகக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். திடமான முடிவு. அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மகள் தீபிகாவுக்கு டொரொண்டோவில் ஆகஸ்டில் பிரசவம். அம்மா வந்து ஆறு மாதம் கூட இருக்க வேண்டும் என்கிறாள். நியாயம்தான். ஆனால் அந்த ஆறு மாதம் லிங்கராஜபுரத்து வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன்? இருபத்தொன்பது வருஷமாக என் சட்டை எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சரளா பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போனாலே நான் வாசலுக்கும் பால்கனிக்குமாக இருபது தடவை நடப்பேன். ஆறு மாதம் அப்படி நடந்தால் நானே கனடா போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவளில்லாத வீட்டை நினைத்தாலே பயமாக இருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஐம்பத்தேழு வயது ஆண்பிள்ளை, ஓர் அதிகாரி, எப்படிச் சொல்வது?

விசா வாங்க வேண்டுமானால், தீபிகா சரளாவின் மகள்தான் என்று காட்டப் பிறப்புச் சான்று வேண்டும். அது எங்கள் பீரோவில் இருந்தது. பிறப்புச் சான்று இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் சரளா இங்கே. இவ்வளவு எளிய கணக்கு யாருக்கும் தோன்றாது, எனக்குத் தோன்றியது. காரணம் என் உத்தியோகம்.

ஓர் அரசு இலாகாவில் நான் பொதுத் தகவல் அதிகாரி. ரெக்கார்ட் ரூமும் என் பொறுப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் முப்பது நாளைக்குள் நான் பதில் தர வேண்டும். தருவேன். "தாங்கள் கேட்ட தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை." "கேள்வி தெளிவாக இல்லை." "தகவல் ஏராளமாக இருப்பதால் நேரில் வந்து பார்வையிடவும்." இதற்கெல்லாம் மசியாத ஆளுக்கு ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருக்கிறேன்: "கோப்பு கிடைக்கவில்லை, தேடப்பட்டு வருகிறது." இருபது வருஷத்தில் அது ஒருமுறையும் குறி தவறியதில்லை.

அன்றே சான்றை எடுத்து ஆபீஸ் பைக்குள் போட்டேன். ரெக்கார்ட் ரூமின் கடைசி ரேக்கில் 'டி' வகுப்புக் கட்டுகள் இருக்கும். பாதுகாக்கத் தேவையில்லாத காகிதத்துக்கு 'டி' என்று பெயர். அதில் தெருக்குழாய் பற்றிய ஒரு பழைய புகார்க் கோப்பில் சான்றைச் செருகி, சிவப்புத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன். அந்தக் கோப்பை இனி எவரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குழாயே இப்போது இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சரளா ஆரம்பித்தாள்.

"என்னங்க, தீபிகா பர்த் சர்டிபிகேட் பீரோல இல்லையே?"

"இல்லையா?"

"இல்ல. எடுத்தீங்களா?"

"தேடிப் பாக்கணும்."

"யாரு?"

"தேடப்படும்."

"அதான், யாரால?"

"சரளா, கேள்விய எழுத்துல குடு. முப்பது நாள்ல பதில் வரும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் காலண்டரில் போன மாதத்தைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டே கேள்வி. ஒன்று, சான்று எங்கே? இரண்டு, இல்லையென்றால் எங்கெல்லாம் தேடப்பட்டது, இடம் வாரியாக விவரம் தரவும்.

முதல் கேள்வி தூசு. இரண்டாவதைப் படித்ததும் லேசாக வேர்த்தது. எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகள்தான் அதைக் கேட்பார்கள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"இருவது வருஷமா சாப்பிடறப்போ நீங்க வேற என்ன பேசினீங்க?" என்றாள். "நாளைக்கே தேட ஆரம்பிங்க. முதல்ல கிச்சன்."

"கிச்சன்ல சர்டிபிகேட் எப்படி இருக்கும்?"

"இருக்காதுன்னு எப்படித் தெரியும்? அது எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் அப்படிச் சொல்ல முடியும்."

மறுநாள் காலை கிச்சன் டப்பாக்களைத் திறந்தேன்.

ஒப்புக்குத்தான் தேடினேன். ஆனால் ரெக்கார்ட் ரூம் ரத்தம் சும்மா இருக்குமா? ஒரு டப்பாவிலும் பெயர் இல்லை, வரிசை இல்லை, என்னால் தாங்க முடியவில்லை. லேபிள் ஒட்டினேன். வகுப்புப் பிரித்தேன். உப்பும் புளியும் 'ஏ' வகுப்பு, நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை. பருப்பு 'பி'. ரவை 'சி', வண்டு வரும்வரை. தக்காளி 'டி', ஒரு வாரத்தில் அழிக்கப்பட வேண்டியது. எந்தத் தட்டில் எது என்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"நல்லாருக்கு," என்றாள் சரளா. "அரிசி மூட்டைக்கு அடியில பாத்தீங்களா?"

மூட்டையைக் கவிழ்த்தேன். இல்லை.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, ரெண்டு டம்ளர் களஞ்சு குக்கர்ல வெச்சிடுங்க. அஞ்சு டம்ளர் தண்ணி, மூணு விசில்."

வைத்தேன். குற்றவாளி எப்போதும் ஒத்துழைப்பான்.

அடுத்த வாரம் வாஷிங் மெஷின். "சட்டைப் பையோட உள்ள போயிருக்குமோ? ஒரு வாட்டி ஓட்டிப் பாருங்க. சோப்பு வலது பக்கம்." ஓட்டினேன். அதற்கடுத்து கேஸ் புத்தகம், பால் கார்டு, தண்ணி கேன்காரர் நம்பர் எழுதிய டைரி, அயர்ன்காரர் துணி மூட்டை. ஒவ்வொன்றுக்கும் தேடிய தேதியும் விவரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் ஆபீஸில் இப்படி ஒருவன் தேடச் சொல்லியிருந்தால் மருத்துவ விடுப்பில் போயிருப்பேன்.

இதற்கிடையில் சரளா கீழ்வீட்டு ஜூலியாவின் ஸ்கூட்டரில் அடிக்கடி வெளியே போய்வந்தாள். எங்கே என்று கேட்டால், "சர்ச்ல சேல்" என்பாள். கனடாவை மறந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனாலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் பால்கனிக்குப் போகத் தோன்றியது. சரளா காலண்டர் பக்கம் திரும்பினால் ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்து தேட ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபிகா வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"கிடைச்சுதாப்பா?"

"தேடிக்கிட்டே இருக்கேன்மா."

"அம்மா வரலன்னா எனக்கு பயமா இருக்குப்பா. இங்க யாருமே இல்ல."

போனை சரளாவிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்கு வந்தேன். பயப்படுவது நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் மகளின் பயத்துக்கு முன்னால் என் பயம் வெறும் சோத்துப் பயம். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் ரெக்கார்ட் ரூமுக்கு ஓடினேன். கடைசி ரேக் காலியாக இருந்தது.

"கிஷோர், இங்க இருந்த டி கட்டெல்லாம் எங்க?"

கிஷோர் எங்கள் ரெக்கார்ட் கீப்பர். நாற்பது வயது, கன்னடம் கலந்து பேசுபவர், எதற்கும் பதறாதவர்.

"அது ஆயித்து சார். போன வாரமே லாரில போயாச்சு. அழிக்கிற லிஸ்டுல நீங்கதானே சைன் போட்டீங்க?"

"நானா?"

"ஏழு பக்கம் சார். தலையே நிமிராம போட்டீங்க."

"லாரி எங்க போச்சு?"

"பேப்பர் மில்லுக்கு. இந்நேரம் அட்டைப் பெட்டி ஆகியிருக்கும். ஏன் சார், எதாவது முக்கியமானதா?"

இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு காகிதம் உண்மையாகவே கிடைக்கவில்லை.

அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் சிக்னல். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு மன்னிப்பை யோசித்து, பச்சை விழுந்ததும் மறந்தேன். வீட்டில் சரளா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சரளா, ஒரு விஷயம். அந்த சர்டிபிகேட்..."

"ஆபீஸ்ல வெச்சீங்க. அதுக்கென்ன?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு நீல நோட்டை எடுத்துவந்தாள். நான் ஏற்படுத்திய நோட்டுதான். பீரோவிலிருந்து யார் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் எழுத வேண்டும் என்பது கல்யாணமான வருஷம் நான் போட்ட சட்டம். கடைசி வரி என் கையெழுத்தில் இருந்தது. தேதி. பொருள்: தீபிகா பிறப்புச் சான்று. காரணம்: ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் வைக்க. கீழே என் கையொப்பம், பதவியோடு.

திருடும்போதுகூடக் கை பழக்கத்தை விடவில்லை.

"அப்போ உனக்கு முதல் நாளே..."

"உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே."

"அது இப்போ அங்கேயும் இல்ல சரளா. லாரில போயிடுச்சு. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். நீ போயிட்டா நான் எப்படி இருப்பேன்னு பயந்துட்டேன். அதான்."

அவள் நோட்டை மூடினாள். கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே புதிய பிறப்புச் சான்று, மாநகராட்சி முத்திரையோடு. "அந்த வாரமே ஜூலியாவோட போய் வாங்கிட்டேன். விசாவும் வந்தாச்சு."

"சர்ச்ல சேல்?"

"ஒரே ஒரு நாள் போனோம். ஃபிரிட்ஜ் கவர் வாங்கினேன்."

"அப்போ நாப்பது நாளா என்னை எதுக்குத் தேட விட்ட?"

அவள் கீரைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"துவரம் பருப்பு எங்க இருக்கு?"

"ரெண்டாவது தட்டு, இடப்பக்கம் மூணாவது டப்பா, பச்சை மூடி."

"மெஷின்ல சோப்பு?"

"வலது பக்கம், ஒரு மூடி."

"ரெண்டு டம்ளர் அரிசிக்கு?"

"அஞ்சு டம்ளர் தண்ணி, மூணு விசில்."

"தண்ணி கேன்காரர் நம்பர்?"

பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஒப்பித்து முடித்த பிறகுதான், என்ன ஒப்பித்தேன் என்பது எனக்கு உறைத்தது.

"நான் தேடினது கிடைச்சிடுச்சுங்க," என்றாள் சரளா. "வியாழக்கிழமை பிளைட்."