தூண் சுவாமியின் பிரசங்கம்

வன்னி முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு ஊர்ச் சனம் முழுவதையும் பிரசங்கத்தாலேயே சந்தேகத்தில் மூழ்கடித்த மனிதர் எங்கள் தூண் சுவாமியைத் தவிர வேறொருவர் கிடைக்கமாட்டார். ஒட்டுசுட்டான் ஆட்கள் யானைக்குப் பயந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் ஒரு தூணுக்குப் பயந்தோம்.

அறுபதுகளின் தொடக்கம். அந்தக் கடற்கரை ஊரில் நான் வாத்தியார். சுவாமி எங்கள் வேதக்கோவிலுக்குப் புதிதாய் வந்த குருவானவர்; ஒல்லி ஆள், வாய் திறப்பதே அருமை. பிரசங்கம் தொடங்கினால் மட்டும் ஆளே வேறு. ஆண்கள் பக்கத்து முதிரை மரத் தூணை முறைத்துப் பார்த்து, விரலை நீட்டி, "நீ செய்தது எனக்குத் தெரியும்!" என்று அதட்டுவார். பிரசங்கமென்றால் 'நீ' என்று நேரே சொல்லவேண்டும் என்பது குருமடத்துப் பாடமாம். அந்தத் தூணடியில் எவன் இருக்கிறானோ, அவன் அன்றைக்குத் தொலைந்தான்.

முதலில் அகப்பட்டவன் கபிரியேல். "அடுத்தவன்ர வலையில கை வைச்சவனே!" என்று சுவாமி முழங்க, பாதிப் பூசையில் எழும்பி ஓடி, பக்கத்து வீட்டு வேலிக்குள் ஒரு வலையை எறிந்துவிட்டு வந்தான். விசயம் என்னவென்றால், அந்தக் களவை முதல்நாள்தான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் காதோடு காதாகச் சொல்லியிருந்தானாம்.

போதாதா? சங்கீர்த்தன இரகசியத்தைச் சுவாமி வெளியே விடுகிறார் என்று ஊர் கொதித்தது. தூணடி காலியாகிவிட்டது. தவக்காலம் வர, ஆண்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு, "கோழிக்கு ஏசினனான் சுவாமி" என்று ஒரே பாவத்தையே சொன்னார்கள். கோழியே வளர்க்காத மரியானும் அதையேதான் சொன்னான்.

கோவில் மூப்பர் சவரிமுத்து என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், இது சும்மா விடுற கதையில்லை. ஆயரிட்டப் போனா ஆளின்ர குருப்பட்டமே போயிடும். அதுக்கு முதல் நான் ஒருக்காச் சோதிக்கப்போறன். செய்யாத பாவம் ஒண்டைச் சனிக்கிழமை சொல்லுறன். ஞாயிறு அது வெளியில வந்தா ஆள் பிடிபட்டார்."

"பொய்ச் சங்கீர்த்தனம் பாவமெல்லோ மூப்பர்?"

"அதை வேற சுவாமியிட்டச் சொல்லுவன்."

ஞாயிறு வந்தது. மூப்பர் தன் முறுக்கு மீசையோடு தூணை மறைத்துக்கொண்டு நின்றார். சுவாமி திரும்பினார், விரலை நீட்டினார்.

"நீ..." என்றார். நின்றுவிட்டார். மறுபடியும் "நீ..." முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வெளியே கடல் இரைவது கேட்டது.

"சொல்லுங்கோ சுவாமி! நான் என்ன செய்தனான்?" என்றார் மூப்பர்.

சுவாமிக்கு அழுகை வந்துவிட்டது.

"மூப்பர், உங்களைக் கும்பிட்டன், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. மனிசரின்ர முகத்தைக் கண்டா எனக்குப் பேச்சு வராது. கிழமை முழுக்க வளவுப் பூவரச மரத்துக்குச் சொல்லிச் சொல்லித்தான் பாடமாக்கிறனான். இஞ்ச எனக்கு மரமெண்டு கிடக்கிறது அந்தத் தூண் ஒண்டுதான்."



"அப்ப கபிரியேலின்ர வலை?" என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி.

"நான் தூணைத்தானே பிள்ளை ஏசினனான்!"

"ஐயோ, என்ர வலை!" என்று கபிரியேல் தலையில் கைவைத்தான். கோவிலே கொல்லென்று சிரித்தது.

மூப்பர் சிரிக்கவில்லை. தூணைவிட்டு விலகி, சுவாமிக்குத் தன் முகம் தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருவராகக் குனிந்தோம். சுவாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எங்களை வெளு வெளு என்று வெளுத்தார். ஆயரிடம் போகும் கதையை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பிரசங்க நேரம் தலை குனிவதே எங்கள் ஊர்ப் பழக்கமாயிற்று. திருநாளுக்கு வந்த வெளியூர்ச் சுவாமிமார் நாங்கள் நித்திரை கொள்கிறோம் என்று சந்தேகப்பட்டார்கள். பட்டுவிட்டுப் போகட்டும்.

அவர் மாற்றலாகிப் போனபிறகும் பிரசங்கத்துக்கு நான் தலை நிமிர்வதில்லை. நிமிர்ந்தால், அங்கே நிற்பது அவரில்லை என்று தெரிந்துவிடுமே.