தங்கமான பொண்ணும் நாற்பத்து மூன்று ஃபோல்டர்களும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. 'ஸ்கேன் 0001' என்று ஒரு கோப்பைக் கண்டால் கை அரிக்கும். 'நியூ ஃபோல்டர் 2' என்று எங்காவது இருந்தால், அது யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி, அதற்கு ஒரு பெயர் வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அலுவலகத்தில் இதை நல்ல பழக்கம் என்று இரண்டு முறை பாராட்டியிருக்கிறார்கள். அந்த நல்ல பழக்கம் ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் நாற்பத்து மூன்று குடும்பங்களை எனக்கு எதிராகத் திருப்பிய கதையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. (சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மாரெட்பள்ளியில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா தவறி ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் வரன் பார்க்க ஒரு பிரிவு உண்டு. அதற்குத் தலைவர் அப்பா. செயலாளர் சரோஜா ஆன்ட்டி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முன்பெல்லாம் ஜாதகங்கள், மூலையில் மஞ்சள் தடவிய ஜெராக்ஸ்களாக, ஒரு துணிப்பையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் அந்தப் பை ஆட்டோவிலேயே உப்பல் பக்கம் போய்விட்டது. அதன் பிறகுதான் ஆன்ட்டியின் மகன் பெங்களூரில் இருந்தபடியே ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். இணையத்தில் ஒரு பொது ஃபோல்டர். அதற்குள் பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அவற்றுக்குள் ஆளுக்கு ஒரு ஃபோல்டராக நாற்பத்து மூன்று பையன்கள், முப்பத்தொரு பெண்கள். பதிவு செய்த எல்லாக் குடும்பங்களுக்கும் அதன் லிங்க் போய்ச் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த இரண்டாவது பாதியை யாரும் கவனிக்கவில்லை. நானாவது கவனித்திருக்க வேண்டும். மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

"சுதா, கைக்குமா எல்லா மாப்பிள்ளைக்கும் ஸ்கேன் ஸ்கேன்னே பேரு வச்சிருக்காங்க? பூரட்டாதிப் பையனைத் தேடினா ரேவதிப் பையன் வரான்" என்று அப்பா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். தனி ஆளாக எனக்கு மாப்பிள்ளை தேடுகிற மனிதர். இதையாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். (உண்மையில் என் கைதான் அரித்தது. அப்பா ஒரு சாக்கு.)

அந்தச் சனிக்கிழமை காலை அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நான் என் லேப்டாப்பில் அந்தப் பொது ஃபோல்டருக்கான மென்பொருளை இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மொத்த ஃபோல்டரும் டவுன்லோட் ஆகி என் திரையில் வந்து உட்கார்ந்தது. என் லேப்டாப்புக்கு வந்துவிட்டது, ஆகவே என்னுடையது என்று முடிவு கட்டினேன். கடையில் வாங்கி வந்த கத்திரிக்காயை நான் எப்படி நறுக்கினால் கடைக்காரருக்கு என்ன? ஆனால் இது அந்த மாதிரிக் கத்திரிக்காய் இல்லை. அது பிரதியே இல்லை, எல்லோருக்கும் பொதுவான ஒரே ஃபோல்டர். நான் இங்கே ஒரு பெயரை மாற்றினால், அடுத்த நிமிடம் எல்லோர் வீட்டிலும் அது மாறும்.

முதல் பத்துப் பேருக்கு ஒழுங்காகத்தான் பெயர் வைத்தேன். பெயர், நட்சத்திரம், வேலை, ஊர். பதினோராவது பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சார்மினார் முன்னால் நின்றான். அடுத்த படத்தில் கோவிலில். அங்கேயும் கண்ணாடி. ஜாதகத்தோடு இணைத்த பாஸ்போர்ட் அளவுப் படத்திலும் கண்ணாடி. 'கூலிங் கிளாஸைக் கழட்டச் சொல்லணும்' என்று பெயர் வைத்தேன். அது பூரட்டாதியை விட அப்பாவுக்குத் தெளிவாகப் புரியும் என்று தோன்றியது.

அதோடு அணை உடைந்தது. 'ஃபோட்டோ பத்து வருஷம் பழசு'. 'உயரம் அஞ்சு எட்டு, ஷூவோட'. 'எதிர்பார்ப்பு ஒன்றுமில்லைன்னு ஒன்றரைப் பக்கம்'. 'அமெரிக்கா, எந்த ஊர்னு மட்டும் கேக்கக் கூடாது'. 'மீசை மட்டும் ஓகே'. இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் நான் எப்போதும் போல எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தேன். ஒருவர்கூட விடுபடாமல் எல்லோருக்கும் புரிவதற்கு இதை விட நல்ல வழி இல்லை.

பதினான்காம் எண்ணில் கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் வருவதாக இருந்தது அவர்தான். பெயர் முரளி, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை, வீடு உப்பலில். திருநெல்வேலியில் இருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆன குடும்பம். அதற்கு முந்தைய வாரம் அப்பா வீடியோ காலில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவருடைய அம்மாதான் பதில் சொன்னார். முரளி பின்னால் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினார். 'அம்மா பேசுவார், இவர் தலையாட்டுவார்' என்று அடித்தேன். ஆனால் நாற்பத்து மூன்று பேரில் நான் மூன்று தடவை திறந்து பார்த்த படம் அவருடையதுதான். கையில் ஹெல்மெட்டோடு, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிற படம். இந்த இடம் அமைந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

கடைசியாகப் பெண்கள் ஃபோல்டருக்குள் போனேன். அங்கே ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றினேன். என்னுடையதை. 'தங்கமான பொண்ணு'.

பன்னிரண்டரைக்கு சரோஜா ஆன்ட்டியின் போன் வந்தது.

"சுதா, கூலிங் கிளாஸ் யாருமா?"

"எந்தக் கூலிங் கிளாஸ் ஆன்ட்டி?"

"கழட்டச் சொல்லணும்னு இருக்கே. அவன் எங்க அக்கா பையன்மா. கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க."

"உங்க கம்ப்யூட்டர்லயும் அப்படியா இருக்கு?" என்றேன்.

"என்னோடதுல மட்டுமா? எல்லாரும் எனக்குப் போன் போட்டுட்டே இருக்காங்க. யாரோ வைரஸ் அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். பொண்ணுங்க பக்கம் போய்ப் பாத்தா உன் பேரு மட்டும் தங்கமா இருக்கு."

அவர் முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் லேப்டாப்பில் இருப்பதால்தானே இந்த வம்பு, இங்கிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மொத்த ஃபோல்டரையும் அழித்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போன்.

"சுதா, இப்ப பையன்களையே காணோம்மா. நாப்பத்து மூணு பேரும் போயிட்டாங்க."

"பொண்ணுங்க இருக்காங்களா ஆன்ட்டி?"

"அவங்களும் போயிட்டாங்க. நீ என்னமா பண்றே அங்கே?"

கூட வேலை செய்கிற தோழியைக் கூப்பிட்டு அழாத குறையாகக் கேட்டேன். இணையத்தில் இந்த மென்பொருளுக்கும் ஒரு குப்பைத்தொட்டி உண்டு, அதிலிருந்து மீட்கலாம் என்றாள். மீட்டேன். எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள், நான் வைத்த பெயர்களோடு. முதல் தடவை பார்க்காமல் விட்டவர்களுக்கெல்லாம் 'புதிதாக எழுபத்து நான்கு ஃபோல்டர்கள் வந்துள்ளன' என்று அறிவிப்பும் போனது. நான் ஒவ்வொரு ஜாதகமாகத் திறந்து சொந்தப் பெயரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோதே, யாரோ பழைய பட்டியலைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அப்பா ஒரு கையில் ரவையும் இன்னொரு கையில் போனுமாக உள்ளே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை முதலில் இருந்து படித்தார். 'ஷூவோட' என்ற இடத்தில் அவர் தோள் குலுங்கியது போல இருந்தது. பதினான்காம் எண் வந்ததும் நின்றுவிட்டார்.

"நாளைக்கு வராங்களேம்மா இவங்க" என்றார்.

நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "நக்கோ. நீ பேசினா இன்னொரு பேர் வச்சுடுவே" என்று சொல்லிவிட்டு, மேசையில் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒழுங்கான பெயர் கிடைத்த முதல் பத்து வீடுகளையும் விடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்தார். (அவர்கள் பையன்களும்தானே காணாமல் போயிருந்தார்கள்.) 'பொண்ணு தெரியாம பண்ணிட்டா, மனசுல வச்சுக்காதீங்க.' இதையே நாற்பத்து இரண்டு தடவை சொன்னார். முதல் போனில் சங்கத் தலைவரின் குரலாக இருந்தது, இருபதாவது போனில் யாரிடமோ சிபாரிசு கேட்பவர் குரலாகிவிட்டது. அறுபத்து நான்கு வருடம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்த மனிதர். நான் சமையலறையில் நின்று அழுதேன். 'மீசை மட்டும் ஓகே' வீட்டு அம்மா மட்டும், "அப்படிப் போட்ட பொண்ணோட ஜாதகம் இருக்கா?" என்று கேட்டாராம். மற்ற எல்லோரும் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கடைசியாகப் பதினான்காம் எண்ணுக்குப் போட்டார். அவருடைய அம்மாதான் எடுத்தார். அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நாளைக்கு நீங்க…" என்று இழுத்தார்.

"வாரோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் அந்த அம்மா. வீடியோ காலில் முக்கால் மணி நேரம் பேசியவர்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஸ்கூட்டரில் இருவரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்தார், வாழைப்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டார், உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"வர வழி எல்லாம் சௌகரியமா இருந்ததா?" என்றார் அப்பா.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் பழக்கத்தில் தலையை ஆட்டினார். பிறகு யாரும் பேசாததால் பயந்துபோய், "சௌகரியம்தான் சார்" என்றார்.

"ஜாதகத்துல ஒரு சின்ன சந்தேகம். தம்பிக்கு என்ன நட்சத்திரம்?"

அந்த அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, எனக்கு என்ன நட்சத்திரம்?" என்று முரளி கேட்டார். அந்த அம்மா வாழைப்பழப் பையின் காதை முறுக்கினார். நான் கேசரித் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அப்பா ஜாடை காட்ட, போய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். அவர் முகத்தில் ஏதோ ஒரு வார்த்தை மேலே ஏறி வந்தது. அதைக் கேசரியோடு சேர்த்து விழுங்கினார்.

முரளி தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தங்கமான பொண்ணுன்னு போட்டது நீங்களேவா?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கு வச்சதும்?"

அதற்கும் தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"அது சரிதாங்க. எங்க வீட்ல அப்படித்தான்" என்றார் அவர்.

"என்னல சரிதான்?" என்று ஒரு குரல் வெடித்தது. "கால் மணி நேரமா வாயத் தொறக்காம இருக்கேன், எனக்கு உசுரு போவுது. இவனுக்கு அவன் நட்சத்திரங்கூடத் தெரியல. நான் பேசாம யாரு பேசுவா? உத்திரட்டாதி சார், ரெண்டாம் பாதம். ஏம்மா, நீயும் இப்படி ஊமையாட்டம் தலைய ஆட்டுத? கேசரில சீனி ஏன் இவ்வளவு கொறச்சுப் போட்ட?"

அதன் பிறகு ஒன்றே கால் மணி நேரம் அவர்தான் பேசினார். முரளி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்பாவும் "ஹவ், ஹவ்" என்று சொல்லி ஆட்டினார். கிளம்பும்போது அந்த அம்மாவே தேதி குறித்துவிட்டார்.

கல்யாணம் ஆகி ஒன்பது வருடம் ஆகிறது. இன்றும் வீட்டில் என்ன முடிவெடுத்தாலும் மாமியார் முதலில், "நான் எங்க பேசுதேன், அதான் ஃபைல்லயே போட்டாச்சே" என்பார். பிறகு அரை மணி நேரம் பேசுவார். இப்போது சங்கத்து ஃபோல்டரில் செயலாளர் தவிர வேறு யாரும் எதையும் மாற்ற முடியாது. அந்தப் பூட்டுக்கு 'சுதா லாக்' என்று பெயர். என்னைத் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரோஜா ஆன்ட்டி மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதால், இரண்டு வருடமாக என் மாமியார்தான் செயலாளர். போன வாரம் ஒரு தோழிக்காக அந்த ஃபோல்டரைத் திறந்தேன். 'முடிந்தவை' என்ற பகுதியில், மற்ற வரன்களெல்லாம் சொந்தப் பெயரோடு இருக்க, எங்கள் இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் நான் அன்று வைத்த பெயருக்கே திரும்பியிருந்தன. 'அம்மா பேசுவார், இவர் தலையாட்டுவார்' என்பதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. என்னுடையதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் இருந்தது. 'தங்கமான பொண்ணு, சீனி மட்டும் கம்மி'.

கை அரித்தது. ஆனால் மாற்ற எனக்கு அனுமதி இல்லை.