மசக்கை யானையும் மலையேற்ற அனுமதியும்

ஒரு காட்டில் மரகதவல்லி என்றொரு யானை வாழ்ந்தாள். பெரிய இடத்துப் பெண். அவள் வம்சத்தார் நடந்து நடந்தே அந்த மலைக்குப் பாதை விழுந்தது. கீழே மூங்கில் தோப்பில் தொடங்கி மேலே உப்புத்தரையில் முடியும் பாதை. அங்கே மண்ணே உப்புக் கரிக்கும். மாசமாக இருக்கும் யானைகள் கடைசி மாதத்தில் அங்கே போய் வயிறார மண் தின்பது அந்தக் காட்டு வழக்கம். மரகதவல்லிக்கு அப்போது இருபத்திரண்டாம் மாதம். பத்து மாதம் சுமப்பவர்களே மாங்காய்க்கும் சாம்பலுக்கும் வீட்டை இரண்டாக்கும்போது, இவள் நாக்கு எப்படித் துடித்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த நேரம் பார்த்துச் சிங்கராஜா ஓர் ஆணை போட்டார். 'காடு எல்லோருக்கும் பொது. ஊரில் உள்ள ஆடு, மாடு, கோழி எல்லோரும் வந்து மலையேறிக் காற்று வாங்கலாம். காடு எல்லோருக்கும் பொது என்பதால் இனி யாரும் அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது.' படித்தவர்கள் எல்லோரும் அருமையான ஆணை என்றார்கள். படிக்காதவர்களுக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

ஒரு நாள் காலை மரகதவல்லி மூச்சு வாங்க வந்து பார்த்தால், பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கேட். பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் தேவாங்கு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். தேவாங்குகளுக்குப் பகலில் கண் சொக்கும். அதனால்தான் அவரைப் பகல் வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

"கேட்டைத் திறங்க சார், உப்புத்தரைக்குப் போகணும்" என்றாள்.

"படிவம் நிரப்பணும்மா. எதுக்காகப் போறீங்க? பொழுதுபோக்கு, உடற்பயிற்சி, இயற்கை ரசனை. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"மண்ணு திங்கணும்."

ஏகாம்பரம் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார். இதற்குள் வெயில் ஏறிவிட்டது. "மண்ணு திங்கிறது இதுல இல்லையேம்மா."

"நான் இந்தக் காட்டு யானை சார். இந்தப் பாதையே எங்காளுங்க நடந்து போட்டது."

"காட்டு விலங்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா? காட்டு விலங்குங்களுக்குப் படிவமே கிடையாது. தாராளமா உள்ள இருக்கலாம்."

"அப்ப திறங்க."

"உள்ள இருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா கேட்டைத் திறக்கணும்?"

"நான் வெளியிலதானே நிக்கிறேன்?"

"அப்ப நீங்க பார்வையாளர். படிவம் நிரப்புங்க."

மரகதவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டை ஒரு முட்டு முட்டினால் அது அடுத்த மலையில் போய் விழும். ஆனால் அதில் ராஜ முத்திரை ஒட்டியிருந்தது. முத்திரை ஒட்டிய எதையும் முட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். நல்ல வளர்ப்பு இப்படித்தான் பல பேரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. 'இயற்கை ரசனை' என்று எழுதிக் கொடுத்தாள்.

ரசனை என்றால் சும்மாவா? காலணி கட்டாயம். தொப்பி கட்டாயம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். மரகதவல்லி பாதிப் பலாப்பழத் தோல் நான்கைக் காலில் மாட்டிக்கொண்டாள். உள்ளே இருந்த பிசின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யாரோ விட்டுப்போன பழக்கூடையைத் தலையில் கவிழ்த்தாள். ஏகாம்பரம் அவள் கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு பலகையை மாட்டினார். ஊரிலிருந்து வந்த வான்கோழித் தம்பதி, ஓய்வுபெற்ற கழுதை ஒருவர், எடை குறைக்க வந்த எருமை அம்மாள் என்று அவளோடு ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

வழிகாட்டி வெள்ளாடு ராஜாமணி. மூன்று நாள் பயிற்சி பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கியது. "எல்லாரும் வரிசையா வாங்க. இது அரிய வகை மூலிகை" என்று ஒரு செடியைக் காட்டிவிட்டு அதைக் கடித்து மென்றார். "இப்ப இன்னும் அரிய வகை."

மலையில் பாதிக்கு மேல் ஏறியாயிற்று. இன்னும் இரண்டு திருப்பம் தாண்டினால் உப்புத்தரை. காற்றில் உப்பு வாசனை வந்தது. மரகதவல்லிக்கு வாயெல்லாம் ஊறியது, வயிற்றுக்குள் பிள்ளையும் குதித்தது. அந்த மகிழ்ச்சியில் காலையில் தின்ற மூங்கில் முழுவதும் பின்னால் இறங்கிவிட்டது.

கழுதை திரும்பிப் பார்த்து வழிகாட்டியைக் கூப்பிட்டார். ராஜாமணி ஓடி வந்து குனிந்து முகர்ந்தார். முகம் வெளிறியது. "யானை லத்தி. இன்னும் ஆவி பறக்குது. யானை பக்கத்துலதான் எங்கயோ இருக்கு. யாரும் அசையாதீங்க."

"அது நான் போட்டதுங்க" என்றாள் மரகதவல்லி வெட்கத்துடன்.

"பார்வையாளருங்க வதந்தி பரப்பக் கூடாது."

"வதந்தி இல்லீங்க. நான்தான் யானை."

ராஜாமணி அவள் கழுத்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பார்வையாளர்னுதானே போட்டிருக்கு?"

"பாவம், பயத்துல என்னமோ உளறுறாங்க" என்று வான்கோழி அம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யானை அறிகுறி தென்பட்டால் பயணம் ரத்து என்பது விதி. விசில் ஊதினார்கள். எல்லோரும் விழுந்தடித்துக் கீழே ஓடினார்கள். யானையிடமிருந்து காப்பாற்றுவதற்காக யானையையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் அவள் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு போனாள். அன்று, முந்தின நாள் அவள் போட்டு வைத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று மாலை மூங்கில் தோப்பில் அவள் வாய்விட்டு அழுதாள். இடுப்பு வலி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு வாய் உப்பு மண் இல்லாமலே பிள்ளை பிறந்துவிடுமோ என்று பயந்தாள். அழுது முடித்ததும் புத்தி தெளிந்தது. 'என்னைப் பார்த்தால் ஒருவரும் பயப்படவில்லை. என் லத்தியைப் பார்த்தால் ஊரே ஓடுகிறது. அப்படியானால் இந்தக் காட்டில் எனக்கு மதிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.'

நான்காம் நாள் கேட்டைத் தாண்டிப் பத்தடிகூடப் போகவில்லை. மரகதவல்லி பாதையின் நடுவில் நின்று, தாராளமாக, மனசாரப் போட்டாள். விசில் பறந்தது. வழிகாட்டி முன்னால் ஓட, பார்வையாளர்கள் பின்னால் ஓட, எருமை அம்மாள் நான்கு நாளில் குறையாத எடையை அந்தப் பத்தடியில் குறைத்தாள். ஏகாம்பரம் கேட்டைச் சாத்தினார். பதிவேட்டில் அன்றைய ஐந்து பெயரையும் அடித்து 'ரத்து' என்று எழுதினார். 'யானை நடமாட்டம் உள்ளது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

உள்ளேயே நின்றுவிட்ட மரகதவல்லி அந்தப் பலகையை இரண்டு முறை படித்தாள். விதியை மீறக் கூடாதல்லவா? 'பார்வையாளர்' பலகையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினாள். கூடையை எறிந்தாள். பலாத்தோலை உதறினாள். பிறகு நடமாடத் தொடங்கினாள்.

உப்புத்தரையில் அவள் தின்ற தீனியை எழுதினால் எனக்கே நாக்கு ஊறும். கொம்பால் கெல்லிக் கெல்லித் தின்றாள் என்று எழுத ஆசைதான், பெண் யானைக்குக் கொம்பேது? காலால் கிளறித் துதிக்கையால் அள்ளினாள். தின்றாள், பிளிறினாள், மறுபடி தின்றாள். மறுநாள் அங்கேயே ஒரு பெண் குட்டி பிறந்தது. சுற்றிலும் புல் இருந்தது, சுனை இருந்தது, ஆளரவம் இல்லை. இங்கேயே இருந்துவிட மாட்டோமா என்று அவள் மனம் ஏங்கியது.

ஆனால் வளர்ப்பு விடவில்லையே. அனுமதி இல்லாமல் தங்கியது தெரிந்தால் பிள்ளையோடு துரத்துவார்கள், அதற்கு முன் நாமே போய்விடுவது மரியாதை என்று, பத்தாம் நாள் குட்டியை நடத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"வெளிய போகணும் சார்."

ஏகாம்பரம் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பேரு அடிச்சிருக்கேம்மா. நீங்க உள்ள போகவே இல்லை. உள்ள போகாதவங்களை நான் எப்படி வெளிய விடறது?"

"இந்தக் குட்டி?"

"அதுவும் போகலை. வேணும்னா வெளிய போக அனுமதி கேட்டு ராஜாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க. பதில் வர்ற வரைக்கும் உள்ளதான் இருக்கணும். யாரும் உங்களை வெளியேத்த முடியாது, நீங்களும் போக முடியாது."

மரகதவல்லி துதிக்கையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஏகாம்பரமே மனுவை எழுதி, கால்ரேகை வாங்கி, முத்திரை குத்தினார். அவள் கிளம்பும்போதுதான் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"சார், பதில் சீக்கிரம் வந்துடுமா?"

ஏகாம்பரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆபீசைப் பத்தி என்னம்மா நினைச்சீங்க? உங்க பேத்தி காலத்துலகூட வராது."

நீதி: ஓரிடத்தில் நிம்மதியாகக் குடியிருக்க விரும்புகிறவர், அங்கிருந்து வெளியேற முறைப்படி மனுக் கொடுக்க வேண்டும்.