முந்திப் போன பை

ராகு காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வாசலில் வேனைக் காணோம்.

"மெல்ரோய், எங்க நிக்கிறீர்?" நாகேந்திரம் வேன் சாரதியிடம் போனில் கத்தினார்.

"பாமன்கடையில சேர். ஒரே டிரபிக்."

வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கிய நாள்முதல் குடும்பப் பயணம் என்றால் நுவரெலியாதான். இந்த முறை பாணமைக்குத்தான் போகவேண்டும் என்று மனைவி அருந்ததி ஒற்றைக்காலில் நின்றாள். வெள்ளைக்காரரெல்லாம் அறுகம்பேயோடு நின்றுவிட, அதற்கப்பால் கிழக்குக் கரையில் கிடக்கும் ஊர். ஆளில்லாத கடற்கரை, மணல்மேடு, பின்னேரம் குளத்துக்கு வரும் யானை... அந்தப் பக்கத்து ஆளான கீழ்வீட்டு அலவி சொல்லச் சொல்ல அவள் வாய்பிளந்து கேட்டிருந்தாள்.

நாகேந்திரம் சும்மா ஆளில்லை. நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், ஒரு பையை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தால் போதும். பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். பிறகு ஆறுதலாக அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அவர் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார்.

"அலவி, இது பாணமைக்குப் போற பை. பிடியுங்கோ!"

ஒருவழியாக வேன் வந்தது. பையை எடுக்கப் போனால் அலவி வீட்டுக் கதவில் பூட்டு. அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

"அதை விட்டிட்டு வாங்கோவன்," என்றாள் அருந்ததி.

"பரஸ்தானப் பையை விட்டிட்டுப் போறதோ? உமக்கென்ன விசரே?"

அலவி வரட்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியானமும் கழிந்தது.

"சேர், இப்பிடியே நிண்டா நான் வேற ஹயர் பாக்கிறன்," என்றார் மெல்ரோய்.

"போமன்!"

மெல்ரோய் உண்மையாகவே போய்விட்டார். அந்தக் கோபத்தில் நாகேந்திரம் பாணமையில் பதிந்துவைத்த அறையையும் கான்சல் பண்ணினார்.

அருந்ததி புதுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தாள். அவளைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத்தான் வெட்கம்.

பொழுதுபட அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அருந்ததி அக்காவா? அலவி நானாட தங்கச்சி கதைக்கிறன், பொத்துவில்ல இருந்து. இண்டைக்கு ஊருக்கு வந்த நானா, நீங்க சொன்னபடியே உங்கட பையைப் பாணமைக்கே கொண்டுபோனாரு. அங்க உங்கட பேர்ல ரூம் இல்லையெண்டதும் எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்திட்டாரு. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, உங்களுக்கு மரக்கறிச் சோறும் ஆக்கியாச்சு. ஊராக்களெல்லாம் வாசல்ல பாத்துக்கொண்டு இருக்காங்க. பையை முன்னால அனுப்பின ஆக்கள், இன்னும் எங்க நிக்கிறீங்க?"