கூப்பிடு தூரம்

வானொலிச் செய்தியை ஒருநாளாவது முதல் வரியிலிருந்து வணக்கம் வரைக்கும் கேட்டுவிட வேண்டும் என்று மருதாசலம் தம் ஐம்பத்தேழாம் வயதில் முடிவெடுத்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அது நடக்கவில்லை. அங்கே “ஆகாசவாணி” என்று ஆரம்பிக்கும். இங்கே “ஏனுங்க” என்று சௌந்திரம் ஆரம்பிப்பாள். எந்த மந்திரி எங்கே போனார், போனவர் திரும்பி வந்தாரா என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து விளக்கு வைப்பதற்குள் நாற்பத்து மூன்று “ஏனுங்க”. புதன்கிழமை நாற்பத்தொன்று. அன்று அவள் அரைநாள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த வருஷம், எண்பத்தைந்தில், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த அவர் தோட்டத்துக் கிணறு அடியோடு வற்றியது. போர் போட்டே ஆகவேண்டும். போர் என்றால் மோட்டார். மோட்டார் என்றால் அதற்கு ஒரு ரூம். ரூமுக்குள் ஒரு கயிற்றுக் கட்டில் போடலாம். கட்டில்மேல் மருதாசலம், தலைமாட்டில் ரேடியோ. ரூம் மட்டும் சௌந்திரத்தின் குரல் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

இடம் பார்ப்பதற்கு அவர் நீரோட்டம் பார்க்கிறவர்களைப் போல் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கவில்லை. மல்லசமுத்திரத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் நிலத்தடி நீர் அதிகாரி ஒருவர் கண்ணாடித் தாள்களை ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டியதைப் பார்த்திருந்தார்.

“ஒரு தாளில் பாறை. ஒரு தாளில் கிணறு. ஒரு தாளில் ரோடு. தனித்தனியாப் பார்த்தா வெறும் படம். அடுக்கிப் பார்த்தா கேட்ட கேள்விக்குப் பதில். நாளைக்கு இதையெல்லாம் கம்ப்யூட்டரே அடுக்கும். ஆனா தாளில் என்ன எழுதறோமோ அதுதான் பதிலில் வரும்” என்றார் அதிகாரி.

கடைசி வாக்கியம் சொல்லும்போது மருதாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தாளுக்கு எங்கே போவது? வெள்ளைக் காகிதத்தில் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தார். மறுபக்கம் தெரிந்தது. முதல் தாளில் தோட்டத்து எல்லை. இரண்டாவதில் சுற்றுவட்டாரத்துப் பத்தொன்பது கிணறுகள், கோடையில் எதில் எத்தனை அடி தண்ணீர் என்பதோடு. மூன்றாவதில் பாறையும் மண்ணும். நான்காவதில் கரண்டுக் கம்பம். நான்கையும் அடுக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். தண்ணீருக்கு மூன்று இடம் தேறியது. மேற்கே பனைமரம், வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. வடக்கே ரோட்டோரம், முந்நூற்று எழுபது. மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பின்னால், அறுபத்திரண்டு.

“இதுல என்னங்க ரோசன?” என்றாள் சௌந்திரம். “கட்டுத்தறிக்குப் பின்னால போட்டா ஊட்டுக்குக் கிட்டத்துல. ரோட்டுக் கெணத்துலிருந்து தண்ணி தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு.”

“நெனச்ச எடத்துல போட முடியாது புள்ள. அடுக்கு சொல்லோணும்.”

“அடுக்குங்களா? அஞ்சு பான அடுக்கி வெச்சிருக்கேன், ஒண்ணுகூடப் பேசுனதில்லீங்க.”

ஒரு நாளைக்கு அவள் இருபத்திரண்டு குடம் தூக்கினாள். அதையும் அவர் எண்ணி வைத்திருந்தார். தாளில்தான் ஏற்றவில்லை.

அதற்குப் பதிலாக ஐந்தாவது தாள் ஒன்று தயார் செய்தார். தலைப்பு, கூப்பிடு தூரம். தோட்டத்தில் ஒவ்வொரு இடமாகப் போய் நிற்பது, சௌந்திரம் கூப்பிடுவது கேட்கிறதா என்று குறிப்பது. கேட்டால் புள்ளி, கேட்காவிட்டால் சுழி. தாள் பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்தது. மூன்று நாளில் பனைமரத்தடியில் நிறையச் சுழி விழுந்தது. மனசு குளிர்ந்தது. ஆனால் கேட்காத கூப்பாட்டை எப்படி எண்ணுவது? கணக்கு கணக்காக இருக்க வேண்டுமே.

“ஏம்புள்ள, நேத்து நான் பனமரத்துக்கிட்ட நின்னப்ப எத்தன தடவ கூப்புட்ட?”

“ஏனுங்க கேக்கறீங்க?”

“சும்மாதான். ஏழா, எட்டா?”

“ஒம்பதுங்க. கேக்கலீங்களா?”

“ரெண்டு கேட்டுது.”

“மிச்சம் ஏழு?”

“காத்து எதுத்தாப்புல அடிச்சுது.”

“ஓ, காத்துங்களா” என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள். அன்று மத்தியானம் விளக்கெண்ணெய்ப் போத்தலைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினாள். மருதாசலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து தோட்டமே மாறிப்போனது. பனைமரத்தடியில் நின்றால் “ஏனுங்க” பக்கத்துச் செடியிலிருந்து வருவது போல் கணீரென்று கேட்டது. ஒன்பதுக்கு ஒன்பது. ரோட்டோரம் எட்டுக்கு எட்டு. கட்டுத்தறிக்குப் பின்னால் போய் நின்றாரோ இல்லையோ, கப்சிப். பன்னிரண்டு நாள் சோதித்தார். வீட்டுக்குப் போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

“ஆறு தடவ கூப்புட்டனுங்க. சோறு ஆறிப்போச்சு.”

“ஒண்ணுகூடக் கேக்கல புள்ள.”

“காதுக்கு எண்ண உடோணுங்க.”

காதில் ஒன்றும் குறையில்லை என்று மருதாசலத்துக்குத் தெரியும். யோசித்துக் காரணமும் கண்டுபிடித்தார். நடுவில் நிற்கும் சோளத்தட்டுப் போர் சத்தத்தைக் குடித்துவிடுகிறது. தட்டுப்போருக்குப் பின்னால் போர் போட்டால் வீட்டில் போர் இல்லை. முதல் மூன்று நாள் கணக்கைக் காற்றின்மேல் பழி போட்டு அழித்துவிட்டு, ஐந்து தாளையும் ஜன்னலில் அடுக்கினார். பதில் ஒரே இடத்தில் விழுந்தது.

“சௌந்திரம், கட்டுத்தறிக்குப் பின்னாலதான் போடப் போறேன். எல்லாம் உன்ற இடுப்புக்காகத்தான்.”

“அத்தன கிட்டத்துல வேண்டாமுங்க. உங்களுக்குத் தொந்தரவு.”

“அடுக்கு சொன்னாச் சொன்னதுதான்.”

“படம் காட்டறீங்களாக்கும்னு நெனச்சனுங்க. மெய்யாலுமே படந்தான்” என்று சொல்லி அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் தங்கசாமியின் ரிக் லாரி வந்தது. “பனமரத்துக்கிட்ட லாரி சுளுவாத் திரும்புமுங்க” என்று தங்கசாமி சொல்லிப் பார்த்தார். மருதாசலம் அசையவில்லை. நூற்றெண்பத்திரண்டு அடியில் ஈரம் தட்டியது. இருநூற்றுப் பதினான்கில் தண்ணீர் பீறிட்டது. ஒரு மாதத்தில் மோட்டார் ரூம் எழும்பியது. கட்டிலும் ரேடியோவும் போய்ச் சேர்ந்தன.

முதல் நாள் காலை. மோட்டாரை நிறுத்திவிட்டு, காலை நீட்டிப் படுத்து, ரேடியோவைத் திருகினார். “ஆகாசவாணி” என்றது.

“ஏனுங்க.”

ரேடியோவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“முள்ளத் திருப்பாதீங்க, இப்பத்தான் நல்லாக் கேக்குது. வாரப்ப ஒரு கொடம் தண்ணி புடிச்சுட்டு வாங்க. அடுப்புல பாலு இருக்குது.”

கத்தவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசுகிற குரல்தான். மருதாசலம் குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு தப்படி நடந்தார்.

“தட்டுப்போரு சத்தத்தக் குடிச்சுதே?”

“நாந்தாங்க வாயவே தொறக்கல.”

“அப்பப் பனமரத்துக்கிட்ட?”

“சோளக்காட்டுக்குள்ள வந்து நின்னு கூப்புட்டனுங்க. முந்நூத்தி எம்பத்தஞ்சு தப்படி. எண்ணிட்டுத்தான் நின்னேன்.”

மருதாசலம் பஞ்சாங்கத்தைத் தூக்கினார். ஐந்தாவது தாளுக்கு அடியில் ஆறாவதாக ஒரு தாள் இருந்தது. அதே விளக்கெண்ணெய், ஓரம்கூட நேராக வெட்டியிருந்தது. ரோட்டுக் கிணற்றிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் கரியால் போட்ட கோடு. கோட்டின்மேல் வரிசையாகக் குடங்கள்.

“உங்க அடுக்குல ஒரு தாளு கொறஞ்சுதுங்க” என்றாள் சௌந்திரம்.

அவர் குடங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்திரண்டு. கணக்கில் பிசகில்லை.

“எண்ணியாச்சுங்களா?” என்று அவள் காலிக் குடத்தை நீட்டினாள். “இன்னும் இருபத்தியொண்ணு இருக்குதுங்க.”