அமைச்சர் வரும்போது சுற்றணும்

“ஒரு இலைகூட அசையல சார்,” என்றான் ஆபரேட்டர்.

“அது எனக்கும் தெரியுதுய்யா! என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?” என்று எரிந்து விழுந்தார் என்ஜினீயர்.

குன்றின் மேல் அவருடைய காற்றாலை, யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி விறைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அமைச்சர் வந்துவிடுவார். கூடவே டீவிக்காரர்கள் வேறு. அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் மீதிக் காற்றாலைகளுக்கு அனுமதி. இல்லையென்றால் இத்தனை வருஷம் நாயாய் அலைந்ததெல்லாம் தண்டம்.

“கரண்டை உள்ளே விட்டு மோட்டார் மாதிரி சுத்த வெச்சிடலாமா சார்?”

கேவலமான யோசனைதான். ஆனால் மானத்தைப் பார்த்தால் திட்டம் போய்விடும். “போடு!” என்றார்.

இறக்கைகள் முக்கி முனகிச் சுற்றின. அப்பாடா என்று உட்காருவதற்குள் போன் அலறியது. துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கும் மச்சான்.

“மாப்ளே, காத்தாலையில இருந்து கரண்ட் வரும்னுதானே சொன்னீங்க? இப்ப ஊர்க் கரண்டை எல்லாம் அது குடிக்குது! ஆஸ்பத்திரியில லைட்டே மங்குது!”

“கொஞ்சம் பொறுத்துக்குங்க மச்சான்!”

“என் தங்கச்சியைக் கட்டினீங்கங்கிறதுக்காக ஊரை இருட்டாக்க முடியுமா? லைனைப் பிடுங்கறேன்.”

பிடுங்கியும் விட்டார். இறக்கைகள் நின்றன. என்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், குன்றடியில் கட்டடம் கட்டுகிறவர்களைக் கெஞ்சி டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார்கள். இறக்கைகள் சுற்றின. ஆனால் ஜெனரேட்டர் கக்கிய கரும்புகையில் பாதிக் குன்றைக் காணோம். புகையை மறைக்க ‘பசுமை மின்சாரம்’ பேனரை முன்னால் கட்டினார்கள். அது கறுத்துப்போனது. ஆபரேட்டர் துடைக்கப் போனான், எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. சத்தம் வேறு காதைப் பிளந்தது. அதை அமுக்க ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள்.

“எல்லாம் சுத்தமான காத்துக்காகத்தானே சார்?” என்று இருமினான் ஆபரேட்டர்.

“வாயை மூடு. புகை உள்ளே போகும்.”

கார்கள் வந்தன. அமைச்சர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். இறக்கைகள் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன. கேமராக்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. அமைச்சரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. கையிலிருந்த உரையை மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

“நல்லாத்தான் சுத்துது,” என்று மைக்கில் பல்லைக் கடித்தார். “மத்ததையும் கட்டுங்க.” அவ்வளவுதான், காரில் ஏறிவிட்டார்.

என்ஜினீயருக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே புரியவில்லை. ஒருவேளை திரைமறைவு வேலையைக் கண்டுபிடித்துவிட்டாரோ? ஓடிப்போய் அமைச்சரின் உதவியாளரைப் பிடித்தார்.

“ஐயாவுக்கு என்ன சார் கோபம்? புகையா?”

“புகையாவது மண்ணாவது! காத்தாலை சுத்தாதுன்னு டீவியில காட்டித் திட்டத்தையே இழுத்து மூடத்தான் வந்தோம்; அதுக்காக வானிலை ஆபீஸ்காரங்க கால்ல விழுந்து, காத்தே அடிக்காத நாளாக் கேட்டு வாங்கிட்டு வந்தா, இதை ஏன்யா சுத்த விட்டே?”